மூன்றாவது பின்

பல் டாக்டரின் கார் பட்டறைக்குத் தன் சொந்த பலத்தில் வந்து சேரவில்லை. ஒரு சரக்கு வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி இழுத்து வந்தார்கள். காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டாக்டரே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றதும் இறங்கி, கைகளைத் தட்டிக்கொண்டு, "ஆம்புலன்ஸ்ல நோயாளியே ஸ்டியரிங் பிடிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

இது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சின்னவர் சிரித்தார்.

சின்னவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து இருபத்தாறு வருடமாக நடத்திய எஞ்சின் பட்டறை அது. வாசலில் பெயர்ப்பலகை ஒன்று உண்டு, அதை யாரும் படித்ததில்லை. பெரியவர் சின்னவர் பட்டறை என்றால்தான் தெருவில் வழி சொல்வார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியவர் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் உள்ளே போய்ச் சரக்கை எடுத்து வருவதற்குள் கவுண்டரில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. சின்னவர் ஒரு வாரம் கழித்துப் பட்டறையைத் திறந்தார். அழவில்லை. அழாததைப் பற்றி உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அது வேறு யாரையோ பற்றிய பேச்சுபோல இருந்தது.

"அண்ணன் போனது எனக்கு அப்பவே தெரியாது சின்னவரே. போன வாரம்தான் கேள்விப்பட்டேன்" என்றார் டாக்டர்.

"பரவாயில்லை" என்றார் சின்னவர், கூட்டத்தில் காலை மிதித்துவிட்டவரிடம் சொல்வதுபோல.

கார் அரை நூற்றாண்டு பழையது. செய்த கம்பெனியே எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. டாக்டர் தொழில் தொடங்கிய முதல் வருடச் சம்பாத்தியத்தில் பழைய வண்டியாக வாங்கி, முப்பத்தொரு வருடம் அதில்தான் கிளினிக்குக்குப் போய்வந்தார். வீட்டில் புது வண்டி ஒன்று நிற்கிறது. "அதுல உக்காந்தா ரிமோட்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. எதைத் தொட்டாலும் எங்கேயோ எதுவோ நடக்குது" என்றார்.

"இதுல என்ன சத்தம்?"

"மேடு ஏறும்போது உள்ளேர்ந்து யாரோ கதவைத் தட்டுவாங்க. டொக், டொக், டொக்."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"ஒன்றரை வருஷம் தட்டத் தட்ட ஓட்டினீங்களா?"

"என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான். வலி வந்து ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் வாயைத் திறப்பாங்க. நானும் மனுஷிதானே." பிறகு பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதைப் பிழைக்க வச்சுக் குடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. இழுத்தடிக்காதீங்க" என்றார்.

மறுநாள் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேசையில் இறக்கினார் சின்னவர். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அடியில் உலோகப் பொடி மினுமினுத்தது. சிலிண்டர்களின் மேல்விளிம்பில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. பிஸ்டன் வளையங்களில் இரண்டு உடைந்து, உடைந்தது தெரியாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, துணியில் வரிசையாக வைத்தார். கை தானாகச் செய்தது; அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகவே சொல்லலாம். எஞ்சினைப் பிரித்த அந்த நாட்களில் அவர் மதியச் சாப்பாட்டை எத்தனை முறை மறந்தார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சிலிண்டருக்கு உள்ளுறை போடலாம், பிஸ்டனை அளவு பார்த்துச் செய்ய வைக்கலாம். கிராங்க் ஷாஃப்ட் அப்படி இல்லை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற அந்த வளைந்த தண்டில், சிலிண்டருக்கு ஒன்றாக உருளை வடிவில் நான்கு பின்கள் உண்டு. பின் தேய்ந்து வட்டம் கெட்டால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சுற்றிலும் சமமாகக் கடைவார்கள். அதற்கேற்பக் கொஞ்சம் தடித்த பேரிங் போடுவார்கள். இப்படி நான்கு முறை கடையலாம். அதற்கு மேல் பேரிங்கும் கிடைக்காது, தண்டும் தாங்காது. டாக்டரின் கிராங்கை யார் யாரோ ஏற்கெனவே மூன்று முறை கடைந்துவிட்டார்கள். மிச்சம் ஒரு முறைதான். அந்தக் கடைசி அளவு நாற்பத்தேழு மில்லிமீட்டர். எந்தப் பின்னாவது நாற்பத்தேழுக்குக் கீழே தேய்ந்திருந்தால் கிராங்க் அத்தோடு முடிந்தது. இன்னொன்று எங்கும் கிடைக்காது. வெல்டிங் வைத்து ஏற்றிக் கடைகிறவர்கள் இருக்கிறார்கள்; அப்படி ஏற்றிய ஒன்று ஓடும்போதே இரண்டாக முறிந்ததைப் பார்த்த பிறகு அண்ணனும் தம்பியும் அந்த வேலையைத் தொடுவதில்லை.

ஆகவே அளப்பதுதான் எல்லாம். அளப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. சின்னவர் மைக்ரோமீட்டரைப் பிடிப்பார். பார்த்த எண்ணை உரக்கச் சொல்வார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். ஒரு சுற்று முடிந்ததும் தாளைப் புரட்டிக் கவிழ்த்துவிடுவார். இரண்டாவது சுற்று மறுகோடியிலிருந்து தொடங்கும். அளப்பவர் கண்ணில் முதல் தாள் படக் கூடாது. எழுதுபவர் கை மைக்ரோமீட்டரில் படக் கூடாது. கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எந்த எஞ்சினுக்கும் இரண்டு தாளும் அச்சாக ஒத்துப்போனதே இல்லை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு, பட்டறையில் அதற்குப் பாயிண்ட் என்று பேர். எங்காவது ஒரு பாயிண்ட் இடிக்கும். கை என்றால் அப்படித்தான் இருக்கும். "மனுஷன் அளந்திருக்கான்" என்று பெரியவர் கையெழுத்துப் போடுவார்.

இந்த முறை சின்னவர் தானே அளந்து தானே எழுதினார். ஒன்றாவது பின் நாற்பத்தேழு பத்தொன்பது. இரண்டாவது நாற்பத்தேழு பதினேழு. மூன்றாவது நாற்பத்தாறு ஐம்பத்து மூன்று. நான்காவது நாற்பத்தேழு இருபத்தொன்று. மூன்றாவதைப் படித்தபோது அவருக்கு எதுவும் தோன்றவில்லை. தட்டிய சத்தம் அங்கிருந்துதானே வந்தது. முடிந்துபோன ஒன்று முடிந்துபோனதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது சுற்றுக்கு மறுகோடிக்குப் போனார். மைக்ரோமீட்டரை நான்காவது பின்னில் மாட்டினார். பக்கத்தில் தாள் திறந்தபடி கிடந்தது. இருபத்தொன்று என்று எழுதினார். பிறகு ஐம்பத்து மூன்று, பதினேழு, பத்தொன்பது. மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

டாக்டருக்கு ஃபோன் செய்தார். "கிராங்க் போயிடுச்சு. ரெண்டு தடவை அளந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ கருவி தட்டில் விழுகிற ஒலி கேட்டது. "வேற வழியே இல்லையா?"

"இல்லை."

"இழுத்தடிக்காதீங்கன்னு நானேதான் சொன்னேன்" என்றார் டாக்டர். "சரி."

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பழைய கார்களின் பாகங்களை வாங்கி விற்கிற ஒருவனுக்குச் சொல்லியாகிவிட்டது. கதவுகள், விளக்குகள், ஸ்டியரிங், இருக்கைகள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை வந்து பிரித்து எடுத்துக்கொள்வான். மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடலாம்.

"சரி டாக்டர்" என்றார் சின்னவர்.

அன்று மதியம் வீட்டில் அண்ணி தட்டை வைத்தார். சின்னவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அண்ணன் வீடுதான் அவருக்கு வீடு. மாவட்ட அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணிக்கு ஒரு எழுத்துப் பிழையும் கண்ணில் படாமல் போகாது.

"நல்லா இருக்கு அண்ணி" என்றார் சின்னவர்.

"என்ன நல்லா இருக்கு?"

"சாப்பாடு."

"இன்னும் கையே வைக்கல தம்பி."

சின்னவர் தட்டைப் பார்த்தார்.

"ஒரு வாரமா உப்பைப் பாதியாக் குறைச்சிருக்கேன். என் ரத்த அழுத்தத்துக்காக. நீங்க தினமும் நல்லா இருக்குன்னுதான் சொல்றீங்க. நாளைக்குத் தட்டுல பஞ்சை வச்சுப் பாக்கப் போறேன்."

"அதுவும் நல்லா இருக்கும்னு சொல்லிடுவேன்."

"அதான் பயமா இருக்கு" என்றார் அண்ணி, சிரிக்காமல்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கிளினிக்கின் இடைவேளையில், டாக்டர் பட்டறைக்கு வந்தார். காரின் டாஷ்போர்டு பெட்டியில் இருந்த பழைய ரசீதுகள், ஒரு குடை, ஒற்றைக் கையுறை ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டார். பிறகு போகாமல் மேசையருகே நின்றார்.

"எது அந்தச் சொத்தைப் பல்?"

சின்னவர் மூன்றாவது பின்னைக் காட்டினார். எண்ணெய் துடைத்து வைத்திருந்த கிராங்க், இரண்டு மரக்கட்டைகளின் மேல் பளபளவென்று கிடந்தது. பின்னின் ஒரு பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு.

"இவ்வளவு சின்னதா? எவ்வளவு ஆழம்னு காட்டுங்க. எனக்கும் அளவுதான் தொழில். ஈறு எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஒரு பல்லுக்கு ஆறு இடத்துல குத்தி அளப்போம். நான் எண்ணைச் சொல்லிக்கிட்டே போவேன், நர்ஸ் எழுதுவா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். நான் வச்சிருந்த வண்டியோட கடைசிச் சீட்டு என்கிட்ட இருக்கட்டும்."

பையிலிருந்து கிளினிக்கின் மருந்துச்சீட்டுக் கட்டை எடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுக்கக் காரணம் எதுவும் அகப்படாததால் சின்னவர் மைக்ரோமீட்டரை எடுத்தார்.

"ஒண்ணு. நாப்பத்தேழு, பத்தொம்பது."

"நாப்பத்தேழு, பத்தொம்பது" என்று திருப்பிச் சொல்லி எழுதினார் டாக்டர்.

வேறொரு குரல் எண்ணைத் திருப்பிச் சொன்னதில் சின்னவரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. இரண்டு, பதினேழு. மூன்று என்றபோது மாட்டிய கருவியைச் சரியாகப் பார்ப்பதற்குள் வாய் "நாப்பத்தாறு, அம்பத்திமூணு" என்றது. நான்கு, இருபது.

டாக்டர் சீட்டைக் கிழித்து மடித்துப் பைக்குள் போட்டார். "இப்ப அந்தக் கடைசிலேர்ந்து வாங்க."

"எதுக்கு?"

"ஒரு தடவை சொன்னதை நான் நம்ப மாட்டேன். நானே சொன்னாலும் நம்ப மாட்டேன். ஒருத்தருக்குப் பல்லைப் பிடுங்கிட்டா மறுபடி நட முடியுமா?"

சின்னவர் மறுகோடிக்கு வந்தார். நான்கு, இருபத்தொன்று. "முதல்ல இருபதுன்னீங்க" என்று டாக்டர் சொல்லவில்லை. சீட்டு மடிந்து பையில் இருந்தது. அடுத்து மூன்றாவது பின். கருவியை மாட்டி, திருகி, பிடி தானாக நழுவும் இடத்தில் நிறுத்தி, வெளிச்சத்தின் பக்கம் சாய்த்தார்.

"நாப்பத்தேழு, மூணு."

"நாப்பத்தேழு, மூணு" என்றார் டாக்டர். பேனா ஓடவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க. மூணா, முப்பதா?"

சின்னவர் கண்ணாடியை இறக்கி மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மைக்ரோமீட்டரில் ஒரு குழல். அதன் மேல் சுழல்கிற உறை. உறை பின்வாங்கப் பின்வாங்கக் குழலில் கோடுகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். நாற்பத்தேழாவது கோடு அப்போதுதான் உறையின் விளிம்பிலிருந்து தலையைக் காட்டியிருந்தது. பார்க்கிறவன் பார்த்தால் உண்டு. பாராமல் விட்டால் அதற்கு முந்தைய அரைக்கோடுதான் தெரியும். நாற்பத்தாறரையோடு ஒரு மூன்று, நாற்பத்தாறு ஐம்பத்து மூன்று. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. அது மட்டுமா. முன்பு கடைந்த நாற்பத்தேழே காலிலிருந்து எழுபது பாயிண்டுக்கு மேல் தேய்ந்த பின் ஒன்றரை வருடம் கதவைத் தட்டிக்கொண்டிருக்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு எகிறி எஞ்சினின் விலாவைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும். இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். பெரியவர் காதில் அந்த எண் விழுந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். திரும்பி, தூக்கமா என்று கேட்டிருப்பார்.

டாக்டர் பையிலிருந்து முதல் சீட்டை எடுத்துப் பிரித்தார். "அதுல அம்பத்திமூணு, இதுல மூணு. எது சரி?"

எது சொன்னாலும் அந்த அம்மாள் நம்பியிருப்பார். இரண்டுமே செத்த கணக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு ஆள் வந்து காரைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போவான், தரையைக் கழுவிவிடலாம், மேசை காலியாகிவிடும். சின்னவர் அதை நினைத்துப் பார்த்தார். அவருக்குள் அதை எதிர்த்து எதுவும் எழவில்லை. இருபத்தாறு வருடம் கருவி காட்டுவதை மட்டுமே சொல்லிப் பழகிய வாய்தான் முந்திக்கொண்டது.

"மூணுதான் சரி. நாப்பத்தேழு, மூணு."

"அப்ப போன வாரம்?"

"தப்பாப் படிச்சிருக்கேன்."

"ரெண்டு தடவை அளந்தேன்னீங்களே."

"ஒரு தடவைதான் அளந்தேன். ரெண்டாவது, பக்கத்துல இருந்ததைப் பார்த்து எழுதினது."

டாக்டர் பேனாவை மூடினார். "என் வண்டி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டீங்க."

"ஆமா."

"நாளைக்குக் காலையில அவன் வந்து கதவைக் கழட்டியிருப்பான்."

"ஆமா."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்க. எனக்குக் கோபம் வருது."

சின்னவர் மைக்ரோமீட்டரைத் துணியில் துடைத்தார். கோபப்படுகிறவரைப் பார்க்க அவருக்கு ஏதோ தூரத்து ஊரின் வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. டாக்டர் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் பேசியது பாதி காதில் விழுந்தது. "இல்லை, விலைக்காக இல்லை... வேற யாருக்கும் குடுக்கல... சொன்ன வாக்கு மாறுறேன்தான், ஒத்துக்கிறேன்... சரி, திட்டுங்க." ஒரு நிமிடம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றவர், திரும்பி வந்தார்.

"படிச்ச பொம்பளை பேசுற பேச்சான்னு கேக்கிறான். வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்ப சொல்லுங்க, பிழைக்குமா?"

"தெரியாது. கடைசி அளவு நாப்பத்தேழு. மூணு பாயிண்ட்தான் மிச்சம் இருக்கு."

"மூணு பாயிண்ட்னா எவ்வளவு?"

"ஒரு தலைமுடி ஏழு பாயிண்ட் இருக்கும்."

"அப்ப அரை முடி."

"அரை முடி கூட இல்லை."

டாக்டர் கிராங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே இதைத் தனியா அளக்காதீங்க. ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் எனக்கு கிளினிக் இல்லை. நான் வந்து எழுதுறேன். நீங்க ஒழுங்கா அளப்பீங்கன்னு நம்பி வரலை. நம்பாததாலதான் வர்றேன்."

"சரி" என்றார் சின்னவர்.

எதிர்ச்சாரியில் கடைசல்காரருடைய பட்டறை. சுவர் முழுக்க நீளும் ஒரு கிராங்க் கடைசல் இயந்திரமும், காதில் எப்போதும் சொருகிய ஒரு பென்சிலும்தான் அவருக்கு அடையாளம். சின்னவர் விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"அரை முடியை வச்சுக்கிட்டு சவரம் பண்ணச் சொல்றீங்க."

"முடியுமா?"

"தேய்மானம் ஒரே பக்கமா இருக்கு. பழைய மையத்துலயே பிடிச்சா தழும்பு போகாது. மையத்தைப் பத்துப் பாயிண்ட் தள்ளிப் பிடிக்கணும். பத்தரை தள்ளினா மறுபக்கம் இடிக்கும். ரெண்டு நாள் டயம் குடுங்க. என் பொண்டாட்டிகிட்டகூட பேசாம உக்காந்து செட் பண்றேன். அவளுக்கும் சந்தோஷம்."

மற்ற மூன்று பின்களும் சிக்கலில்லாமல் கடைந்து முடிந்தன. மூன்றாவதை மையம் பிடிக்க ஒரு காலை முழுக்க ஆனது. டாக்டர் சொன்னபடியே இரண்டு மணிக்கு வந்தார். குளிர்விக்கும் நீர் புகையாகத் தெறிக்கும் என்று கேள்விப்பட்டு, கிளினிக்கின் முகக்கவசத்தையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வலிக்காம பிடுங்குவீங்களா டாக்டர்?" என்றார் கடைசல்காரர்.

"நான் இன்னைக்கு நர்ஸ்" என்றார் டாக்டர்.

சாணைச் சக்கரம் சுழன்று பின்னைத் தொட்டது. பால் நிறத் தண்ணீர் வழிந்தது. ஒரு சுற்று எடுத்து, நிறுத்தி, துடைத்து, அளந்தார்கள். சின்னவர் எண்ணைச் சொன்னார், டாக்டர் திருப்பிச் சொல்லி எழுதினார். கறுப்புத் தழும்பு ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கியது. நகக்கண் அளவு இருந்தது அரிசியளவு ஆனது. அரிசி எள்ளானது. தேயாத பக்கத்தின் அளவு நாற்பத்தேழு நான்கு. நாற்பத்தேழு மூன்று. நாற்பத்தேழு இரண்டு. தொழிலாளிகள் போகிற சைக்கிள் மணிச் சத்தம் தெருவில் கேட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தேழு ஒன்றில் கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். பின் கண்ணாடிபோல் மின்னியது. அதில் இமைமுடி ஒன்று விழுந்து கிடப்பதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் பாக்கி.

"ஒரு பாயிண்ட் இருக்கு" என்றார் அவர். "எடுத்தா கோடு போகலாம். போகாமலும் இருக்கலாம். அதுக்கப்புறம் எடுக்க ஒண்ணும் இல்லை. ஒண்ணுக்கு ஒண்ணரையா நான் எடுத்துட்டா எல்லாம் போச்சு. இப்படியே விட்டா, இந்தக் கோட்டுலேர்ந்து பேரிங் சுரண்ட ஆரம்பிக்கும். ஒரு வருஷமோ, ஒரு மாசமோ. நீங்க சொல்லுங்க."

சின்னவர் மறுபடியும் அளந்தார். அதே இடத்தில் அல்ல. கொஞ்சம் தள்ளி, குறுக்காக, நான்கு இடங்களில். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்றரை. கடைசி எண்ணைச் சொல்லுமுன் சின்னவர் கருவியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். ஒன்றரைதான்.

"எடு" என்றார்.

சக்கரம் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. தண்ணீர்தான் வழிந்தது. நின்றதும் கடைசல்காரர் துணியால் துடைத்து, கட்டைவிரலால் தடவினார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறு காதில் சொருகிக்கொண்டு நகர்ந்து நின்றார்.

கோடு இல்லை.

"நாப்பத்தேழு, பூஜ்யம்" என்றார் சின்னவர்.

"நாப்பத்தேழு, பூஜ்யம்" என்றார் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. எழுதினார். சீட்டில் தண்ணீர் தெறித்து மை பரவியிருந்தது. அதன் மேலேயே எழுதினார்.

எஞ்சினைச் சேர்க்க மூன்று வாரம் பிடித்தது. உள்ளுறை, பிஸ்டன், வளையம், பேரிங் என்று ஒவ்வொன்றுக்கும் இடைவெளி அளந்தார்கள். ஒருநாள் டாக்டருக்கு அவசர நோயாளி வந்துவிட்டதால் வர முடியவில்லை. சின்னவர் அன்று அளக்காமல் போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் டாக்டர் ஒருமுறை, "அண்ணன் நல்லா எழுதுவாரா?" என்று கேட்டார். "கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எண் மட்டும் அழகா எழுதுவார்" என்றார் சின்னவர்.

எஞ்சினைக் காருக்குள் இறக்கிய மறுநாள் மதியம், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் ஓட விட்டார். எண்ணெய் எல்லா வழிகளிலும் ஏறி, அழுத்தமானியின் முள் அசையும்வரை ஓட்டினார். பிறகு பிளக்குகளை மாட்டி, டாக்டரிடம் சாவியைக் கொடுத்தார். முதல் திருப்பலில் இருமியது. இரண்டாவதில் புகை கக்கியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

சின்னவர் பானட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக் கேட்டார். வால்வுகளின் சன்னமான சடசடப்பு, காற்றாடியின் இரைச்சல். அவற்றுக்கு அடியில் எதுவும் தட்டவில்லை. இயந்திரம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. பலகையில் எழுதியதைப் படிக்கிற மாதிரி.

"ரொம்பத் தூரம் போகாதீங்க. இந்த நாலு தெருவுக்குள்ளயே சுத்தி வாங்க. அழுத்தாதீங்க. சூடு ஏறினா நிறுத்திடுங்க" என்றார்.

"நீங்க வரலையா?"

"வெளியே நின்னாத்தான் எனக்குச் சத்தம் சரியாக் கேக்கும்."

டாக்டர் போனார். கார் முனையில் திரும்பி மறைந்தது. கடைசல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு நிமிடம் கழித்து மறுமுனையில் சத்தம் கேட்டது, பிறகு கார் வந்தது. டாக்டர் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. சாலையையே பார்த்தபடி கடந்து போனார். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. முனையில் ஒரு சின்ன மேடு உண்டு. ஒவ்வொரு முறையும் கார் அதில் ஏறும்போது சின்னவர் மூச்சை அடக்கிக் காதைக் கொடுத்தார். எதுவும் தட்டவில்லை. நான்காவது சுற்றில் டாக்டர் கொஞ்சம் வேகமாகவே மேட்டில் ஏறினார்.

"சொன்ன பேச்சைக் கேக்கிற ஆள் இல்லை போல" என்றார் கடைசல்காரர்.

சின்னவர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சின்னவரே."

"எதுக்கு?"

"கால் ஆடுது."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்யா. பாருங்க."

சின்னவர் குனிந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே பேண்ட் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. கையை வைத்து அழுத்தினார், நிற்கவில்லை. வாசல்படியில் மெல்ல உட்கார்ந்தார். கடைசல்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டின் அந்தப் பக்கம் கார் ஐந்தாவது சுற்றுக்கு வந்துகொண்டிருந்தது.